பிரமிடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆத்தங்கரையில இருந்து கிளம்பணும்

உனாஸ்னு ஒரு ராஜா. எகிப்தோட அஞ்சாவது வம்சத்துல கடைசியா ஆண்டவர், காலம் கி.மு. 2350 வாக்குல. சக்காராங்கற இடத்துல அவரோட பிரமிடு இருக்கு, இப்ப போய் பாத்தா அது பிரமிடுன்னே தோணாது, மேல போர்த்தியிருந்த வெள்ளைக் கல்லையெல்லாம் பின்னாடி வந்தவங்க உருவிக்கிட்டு போயிட்டாங்க, மிச்சம் நிக்கறது சரிஞ்ச ஒரு கல்லு மேடு. கட்டி முடிச்ச அன்னைக்கே உயரம் 43 மீட்டர்தான், அடியில ஒவ்வொரு பக்கமும் 57.75 மீட்டர். கிசாவுல இருக்கற குஃபுங்கற ராஜாவோட பெரிய பிரமிடு 146 மீட்டருக்கு மேல, அடிப்பக்கம் 230 மீட்டர், அந்த ஒண்ணுக்கு ஆன கல்லுல உனாஸ் பிரமிடு மாதிரி அம்பது கட்டிடலாம்.

ஆனா பிரமிடுன்னா என்ன, உள்ள எப்படி இருக்கும், எதுக்காக அப்படி கட்டுனாங்கன்னு யாராவது என்கிட்ட கேட்டா நான் கிசாவ ஒரு ஓரமா வெச்சிட்டு இந்த உனாஸத்தான் முதல்ல சொல்வேன். குஃபுவோட பிரமிடு பிரமாதம்தான், ஆனா உள்ள போனா சுவத்துல ஒரு எழுத்து கிடையாது, எதுக்கு எந்த அறைன்னு நாமதான் யோசிச்சுக்கணும். உனாஸ் பிரமிடுல சுவரே பேசுது. அதோட ஆத்தங்கரைல இருந்து சவப்பெட்டி வரைக்கும் மொத்த வழியும் துண்டு துண்டாவாவது இன்னைக்கும் கண்ணுக்கு தெரியுது.

அந்த வழிதான் முக்கியம். நாம போட்டோவுல பாக்கற முக்கோணம் ஒரு பெரிய வளாகத்தோட கடைசி பகுதி. அந்த வளாகம் நைல் நதி பக்கத்துல ஒரு படகுத்துறையில ஆரம்பிக்குது, அங்க ஒரு கோயில், அதுல இருந்து பாலைவன மேட்டுக்கு ஏறிப்போற நீளமான பாதை, மேல போனா இன்னொரு பெரிய கோயில், அந்த கோயிலோட முதுகுல ஒட்டிக்கிட்டு பிரமிடு, பக்கத்துல ஒரு குட்டி பிரமிடு, ராணிகளோட கல்லறை, படகு வெக்கற குழி, எல்லாத்தையும் சுத்தி மதில். இதுல எத எடுத்துட்டாலும் மத்தது அர்த்தமில்லாம போயிடும்.

எதுக்கு இவ்வளவுன்னு புரியணும்னா அவங்க சாவ எப்படி பாத்தாங்கன்னு கொஞ்சம் தெரியணும். ஒருத்தர் செத்தாலும் அவருக்குள்ள இருந்த "கா" சாகாதுன்னு நம்புனாங்க, கா-ன்னா உயிர்சக்தின்னு வெச்சுக்கோங்க, அதுக்கு பசிக்கும், தினமும் சாப்பாடு வேணும். "பா"ன்னு இன்னொண்ணு, மனுஷ தலையும் பறவை உடம்புமா படத்துல வரும், அது வெளிய போயிட்டு வரும், திரும்பி வர்றதுக்கு உடம்பு இருக்கணும். உடம்பு அழியக்கூடாது, சாப்பாடு நிக்கக்கூடாது, பேர யாரும் மறக்கக்கூடாது. இது மூணும் நடந்தா செத்தவரு "ஆக்"னு ஒரு ஒளியான நிலைக்கு போவாரு. ராஜாவுக்கு இது அவரோட சொந்த விஷயம் மட்டும் கிடையாது, அவரு மேல போய் சூரியனோடயும் செத்தவங்களோட தெய்வமான ஒசிரிஸோடயும் சேந்தாதான் நாட்டுல ஒழுங்கு நிக்கும், வெள்ளம் சரியா வரும்னு நம்பிக்கை. அதனால ஒரு நாடே சேந்து அந்த வேலைய பண்ணுச்சு.

இந்த அமைப்பு ஒரே நாள்ல வந்துடல. கி.மு. 2650 வாக்குல ஜோசர்னு ஒரு ராஜாவுக்கு இம்ஹோடெப்னு ஒரு அதிகாரி படிப்படியா ஆறு அடுக்குல 60 மீட்டருக்கு மேல ஒரு பிரமிடு கட்டுனாரு, அதுவும் சக்காராதான், உனாஸோட பிரமிடுக்கு பக்கத்துலயே. அதுக்கு முன்னாடி ராஜாக்களுக்கு பச்சை செங்கல்லுல தட்டையா மஸ்தபான்னு ஒரு கல்லறைதான். ஜோசர் வளாகத்த சுத்தி பத்து மீட்டருக்கு மேல உயரமா மதில், அதுல 14 வாசல் கல்லுலயே செஞ்ச பொய் வாசல், உண்மையான வாசல் ஒண்ணே ஒண்ணு. அப்புறம் ஸ்னெஃபெருன்னு குஃபுவோட அப்பா, அவரு காலத்துலதான் வழவழன்னு சரிவான பிரமிடு வருது, அதுவும் தடுமாறித்தான் வந்துச்சு, தாஷூர்ல ஒரு பிரமிட செங்குத்தா ஆரம்பிச்சு நடுவுல சாய்வ குறைச்சுட்டாங்க, இன்னைக்கும் அது வளைஞ்சு நிக்குது. கிழக்கு மேற்கா, ஆத்துல இருந்து பிரமிடு வரைக்கும்ங்கற அமைப்பும் அவரு காலத்துலதான் வழக்கமாச்சு. சூரியன் மறையற மேற்கு செத்தவங்களோட திசை, அதனால பிரமிடுகள் கிட்டத்தட்ட எல்லாமே நைலுக்கு மேற்கு கரையில.

சரி, உனாஸ் வளாகத்துக்கு வருவோம். ஆத்தங்கரைல இருந்து.

பள்ளத்தாக்கு கோயில்னு சொல்ற இந்த முதல் கோயிலுக்கு முன்னாடி ஒரு துறை உண்டு. வெள்ளம் வர்ற காலத்துல நைல்ல இருந்து கால்வாய் வழியா படகு நேரா இங்க வந்து நிக்கும். கட்டும்போது கல்லு வந்ததும் இப்படித்தான், ராஜாவோட உடம்பு வந்ததும் இப்படித்தான். கல்லு படகுல வந்தத சும்மா ஊகமா சொல்லல. 2013-ல செங்கடல் கரையில வாடி அல்-ஜார்ஃப்ங்கற இடத்துல பிரெஞ்சு தொல்லியலாளர் பியர் டாலே குழு பாப்பிரஸ்ங்கற நாணல் தாள் சுருள்கள கண்டெடுத்தாங்க, எழுத்தோட கிடைச்ச பாப்பிரஸ்ல அதான் ரொம்ப பழசு. அதுல மெரெர்னு ஒரு மேற்பார்வையாளர் தன்னோட ஆளுங்கள கூட்டிக்கிட்டு டூரா குவாரில சுண்ணாம்புக்கல்ல படகுல ஏத்தி குஃபுவோட பிரமிடுக்கு கொண்டு போனத நாள் வாரியா டைரி மாதிரி எழுதி வெச்சிருக்காரு, இன்னைக்கு கல்லு ஏத்துனோம், ராத்திரி இங்க தங்குனோம், மறுநாள் கிளம்புனோம்னு, அவ்வளவுதான், ஆனா 4500 வருஷத்துக்கு முன்னாடி பிரமிடு வேலையில இருந்த ஒரு ஆளோட சொந்த கணக்கு அது. அதுல குஃபுவோட ஏரின்னு ஒரு நீர்நிலைய பத்தியும் வருது. சவுக்கடி வாங்கிட்டு கல்லு இழுக்கற அடிமைகள்னு நம்ம மனசுல இருக்கற படத்த மாத்திக்க இந்த சுருள் ஒண்ணே போதும், கிசாவுல தொழிலாளிங்களுக்கு பிரமிடு பக்கத்துலயே கல்லறை கட்டிக் குடுத்திருக்கறதும் 1990-ல கண்டுபிடிச்சாங்க.

உனாஸோட பள்ளத்தாக்கு கோயில்ல பனை மாதிரி தலைப்பு செதுக்குன கிரானைட் தூண்கள் இருந்துச்சு, அதுல சிலத திரும்ப நிமித்தி வெச்சிருக்காங்க. கிரானைட் உள்ளூர் கல்லு கிடையாது, தெற்க அஸ்வான்ல இருந்து வரணும், ஆத்து வழியா கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர்.

இங்க இருந்து மேல ஏறிப்போற பாதைதான் எனக்கு இந்த வளாகத்துலயே ரொம்ப பிடிச்ச இடம். 700 மீட்டருக்கு மேல நீளம், நேரா போகாது, மேடு பள்ளம் பாத்து ரெண்டு இடத்துல திரும்பும். ரெண்டு பக்கமும் ரெண்டு மீட்டர் கனத்துல சுவரு, நடுவுல நடக்கற இடம் ரெண்டரை மீட்டர் சொச்சம், மேல கல்லு கூரை. அந்த கூரையில நட்டநடுவுல நீளத்துக்கும் ஒரு மெல்லிசான இடைவெளி விட்டிருக்காங்க. அத கொஞ்சம் கண்ண மூடி நினைச்சு பாருங்க, வெளிய பாலைவன வெயில் கொளுத்துது, உள்ள இருட்டு, மேல இருந்து ஒரு கோடு மாதிரி வெளிச்சம் மட்டும் இறங்கி ரெண்டு பக்க சுவத்துலயும் படுது, அந்த சுவரு முழுக்க கலர் அடிச்ச புடைப்புச் சிற்பம், கூரையில நீலத்துல நட்சத்திரம். பூசாரிகள் தினமும் இந்த கோட்டு வெளிச்சத்துலதான் நடந்து போயிருக்காங்க. இப்ப கூரை பெரும்பாலும் இல்ல, ஒரு சின்ன பகுதிய மட்டும் திரும்ப கட்டி காட்டியிருக்காங்க, அத பாத்தாலே மிச்சம் புரிஞ்சிடும்.

சுவத்துல என்ன செதுக்கியிருக்காங்கன்னா, நான் சொன்னேனே கிரானைட் தூண், அது படகுல படுத்துக்கிட்டு அஸ்வான்ல இருந்து வர்ற காட்சியே இருக்கு. கீழ கோயில்ல நிக்கற தூணு எப்படி வந்துச்சுன்னு மேல போற வழியில படமா சொல்றாங்க. அப்புறம் சந்தை, வேட்டை, தங்கமும் செம்பும் வேலை செய்யற ஆளுங்க, போர். இதெல்லாம் தாண்டி ஒரு காட்சி வரும், பாத்தா அடுத்த அடி எடுத்து வெக்க முடியாது. விலா எலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாங்கற மாதிரி மெலிஞ்சு போன ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் தரையில உக்காந்திருக்காங்க, வயிறு ஒட்டிக் கிடக்கு, ஒருத்தர இன்னொருத்தர் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. உனாஸ் காலத்துல எகிப்துல பஞ்சம் வந்துச்சு, அதோட ராஜ்ஜியமே சரிய ஆரம்பிச்சுதுன்னு ரொம்ப நாள் இதத்தான் சாட்சியா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆனா 1990-கள்ல அபுசிர்ங்கற இடத்துல, உனாஸுக்கு முன்னாடி ஆண்ட சாஹுரேங்கற ராஜாவோட பாதையிலயும் இதே மாதிரி காட்சி கிடைச்சுது, பிரமிடு உச்சிக்கல்ல கொண்டு வர்ற காட்சிக்கு பக்கத்துல. அப்போ உனாஸ் காலத்து பஞ்சம்னு உறுதியா சொல்ல முடியாது, கல்லு எடுக்கப் போன பாலைவனத்துல எகிப்தியர்கள் பாத்த நாடோடி மக்களா இருக்கலாம்னு இப்ப பலபேர் நினைக்கறாங்க. யாரா இருந்தாலும் அந்த சிற்பி பசிய பக்கத்துல இருந்து பாத்திருக்கான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

கிரேக்கத்துல இருந்து எகிப்துக்கு போன ஹெரோடோட்டஸ் கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுல எழுதும்போது குஃபுவோட பாதைய மட்டும் போட பத்து வருஷம் ஆச்சு, அது பிரமிடுக்கு கொஞ்சமும் சளைச்ச வேலை இல்லன்னு சொல்றாரு. வருஷ கணக்க அப்படியே எடுத்துக்க வேண்டாம், ஆனா ஒரு பாதைய பாத்து ஒருத்தர் அப்படி அசந்து போயிருக்காருங்கறது முக்கியம், நாம இன்னைக்கு அத திரும்பிக்கூட பாக்கறதில்ல.

இந்த பாதை போடறதுக்கு பள்ளத்த நிரப்ப கல்லு வேணும்ல, அதுக்கு வழியில இருந்த பழைய கல்லறைகள்ல கை வெச்சுட்டாங்க. நியான்க்க்னும், க்னும்ஹோடெப்னு ரெண்டு பேரு, அரண்மனையில ராஜாவுக்கு நகம் திருத்தற வேலைக்கு தலைமை, அவங்களோட கல்லறையும் அதுல ஒண்ணு. முன்பகுதிய பிரிச்சு கல்ல பாதைக்கு எடுத்துக்கிட்டாங்க, மிச்சம் பாதைக்கு அடியில போயிடுச்சு. 1964-ல அத கண்டுபிடிச்சு, பாதைக்குள்ள கிடந்த கல்லுகள அடையாளம் கண்டு திரும்ப எடுத்த இடத்துலயே பொருத்தியிருக்காங்க. மூடிக் கிடந்ததாலயே உள்ள இருக்கற கலர் நல்லா தப்பிச்சுது.

பாதைக்கு தெற்க ரெண்டு பெரிய குழி, படகு வடிவத்துல, ஒவ்வொண்ணும் 45 மீட்டர் நீளம், உள்ள சுண்ணாம்புக்கல் பதிச்சிருக்கு. இதுல இப்ப படகு இல்ல. ஆனா குஃபுவோட பிரமிடு பக்கத்துல 1954-ல திறந்த குழியில நிஜமான மரப்படகே இருந்துச்சு, 1,224 துண்டா பிரிச்சு அடுக்கி வெச்சிருந்தாங்க, சேத்து நிறுத்தினா 43 மீட்டருக்கு மேல வந்துச்சு. சூரியனோட வானத்துல போறதுக்கா, இல்ல உடம்ப கொண்டு வந்த படகாங்கறதுல இன்னும் ஒத்த கருத்து கிடையாது.

மேல வந்துட்டோம். இப்ப நிக்கறது சவக்கோயில் வாசல்ல, பிரமிடோட கிழக்கு பக்கம். இங்க கிரானைட் வாசக்கால்ல உனாஸுக்கு அடுத்து வந்த டெட்டி ராஜாவோட பேரும் இருக்கு, அதாவது உனாஸ் செத்தப்போ கோயில் முடியல, அடுத்தவரு முடிச்சு குடுத்திருக்காரு. உள்ள ஒரு நீள மண்டபம், அதத் தாண்டினா திறந்த முற்றம், சுத்தி 18 பனைத் தூண். இது வரைக்கும் வெளிக்கோயில். அதுக்கப்புறம் குறுக்க ஒரு நடை, கொஞ்சம் படி ஏறினா உள்கோயில். அங்க அஞ்சு மாடம், ஒவ்வொண்ணுலயும் ராஜாவோட சிலை. அதுக்கு அப்புறம் ஒத்தத் தூண் நிக்கற ஒரு சதுர அறை, அதத் தாண்டி கடைசியா படையல் அறை. ரெண்டு பக்கமும் வரிசையா சரக்கு அறைகள், தானியம், துணி, எண்ணெய், பாத்திரம் எல்லாம் அங்க.

படையல் அறையோட மேற்கு சுவத்துல பொய் வாசல் ஒண்ணு இருக்கும். நிலை, படி, மேல சுருட்டின பாய் எல்லாம் கல்லுல செதுக்கியிருப்பாங்க, திறக்காது, அதுக்கு பின்னாடி பிரமிடுதான். உயிரோட இருக்கறவங்களுக்கு அது சுவரு, ராஜாவோட கா-வுக்கு அது வாசல். பூசாரி அதுக்கு முன்னாடி ரொட்டி, பீர், இறைச்சி, தண்ணி வெச்சு, ஊதுபத்தி மாதிரி வாசனைப் பொருள் போட்டு, சொல்ல வேண்டியத சொல்வாரு, ராஜா அந்தப் பக்கத்துல இருந்து வந்து எடுத்துக்குவாரு. ஆத்தங்கரைல இருந்து இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு வாசலுக்காகத்தான்.

அந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு நமக்கு கொஞ்சம் நல்லாவே தெரியும், அபுசிர்ல நெஃபெரிர்காரேங்கற ராஜாவோட சவக்கோயில்ல ஆபீஸ் கணக்கே கிடைச்சிருக்கு. பூசாரிகள அஞ்சு குழுவா பிரிச்சு ஒவ்வொரு குழுவையும் ரெண்டா ஆக்கி முறை போட்டு வர வெச்சிருக்காங்க, பத்து மாசத்துல ஒரு மாசம் ஒருத்தருக்கு டூட்டி. எந்த நாள் யாரு எந்த வாசல்ல காவல், எவ்வளவு ரொட்டி வந்துச்சு, எங்க இருந்து வர வேண்டிய சரக்கு வரலைன்னு எல்லாம் கோடு போட்டு கட்டம் கட்டி எழுதியிருக்காங்க. டூட்டி மாத்தும்போது கோயில் சாமான சரிபாத்து இந்த பாத்திரத்துல விரிசல் இருக்கு, இது ஒட்டுப் போட்டதுன்னு குறிச்சு வெச்சிருக்காங்க. படைச்ச சாப்பாடு வீணா போகாது, ராஜா எடுத்துக்கிட்ட அப்புறம் பூசாரிங்களும் கோயில் ஆளுங்களும் பங்கு போட்டுக்குவாங்க, ஒரு பிரமிடு கோயில நம்பி எத்தனையோ குடும்பம் பிழைச்சுது. கல்லறைன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு போறோம், அது பல தலைமுறை நடந்த ஒரு நிறுவனம்.

கோயிலுக்கு தெற்க பக்கமா குட்டி பிரமிடு ஒண்ணு. உள்ள யாரையும் புதைக்கல, கா-வுக்காகன்னு பொதுவா சொல்றாங்க. உனாஸோட ராணிகள் நெபெட், கெனுட் ரெண்டு பேருக்கும் பிரமிடு கட்டல, வடகிழக்குல பக்கத்து பக்கத்துல மஸ்தபாதான்.

இப்ப பிரமிடுக்குள்ள. வாசல் வடக்கு பக்கம், அதுவும் சரிவுல மேல எங்கயோ இல்ல, தரை மட்டத்துல, வடக்கு முகத்துல ஒட்டி கட்டுன ஒரு சின்ன வழிபாட்டு அறையோட தளத்துக்கு அடியில. ஏன் வடக்கு? வடக்கு வானத்துல துருவத்த சுத்தற நட்சத்திரங்கள் எப்பவும் தொடுவானத்துக்கு கீழ இறங்காது, அதுகள "அழியாதவங்க"ன்னு கூப்பிட்டாங்க, ராஜா அவங்களோட போய் சேரணும்.

குனிஞ்சு இறங்கணும், 14 மீட்டர் சொச்சம் சரிவு. அப்புறம் ஒரு சின்ன அறை, அதுக்கு அப்புறம் மட்டமா நடை, அதுல மூணு கிரானைட் பலகை மேல இருந்து கீழ இறங்கி வழிய அடைச்சு நின்னுச்சு. பிரமிடுக்குள்ள பொறி, அம்பு, உருண்டு வர்ற பாறைன்னு கதையில வர்றதெல்லாம் கிடையாது, இருந்த ஒரே காவல் இந்த மாதிரி கனமான கல்லுதான். திருடங்க அதையும் தாண்டிட்டாங்க.

அதத் தாண்டினா பிரமிடோட உச்சிக்கு நேர் கீழ முன் அறை. கிழக்கு பக்கம் மூணு மாடம் வெச்ச ஒரு சின்ன வெறும் அறை, மேற்கு பக்கம் சவ அறை. மேற்கு கோடியில கருங்கல்லுல சவப்பெட்டி, அதுக்கு பக்கத்துல உடம்புல இருந்து எடுத்த உள்ளுறுப்புகள வெக்கறதுக்கு தரையில பதிச்ச ஒரு பெட்டிக்கு குழி. மொத்தமே அவ்வளவுதான், சவ அறை ஏழு மீட்டர் சொச்சம் நீளம், மூணு மீட்டர் அகலம், ஒரு ஹாலு சைஸ்.

மேல கூரைய பாருங்க. பெரிய சுண்ணாம்புக்கல் உத்தரங்கள ரெண்டு பக்கமும் இருந்து கை கூப்புற மாதிரி சாய்ச்சு முட்ட வெச்சிருக்காங்க. மேல இருக்கற மொத்த பிரமிடோட பாரமும் அந்த சாய்வுல வழிஞ்சு ரெண்டு பக்க சுவத்துக்கு போயிடும், நடுவுல இருக்கற காலி இடத்து மேல இறங்காது. இந்த அறிவு சும்மா வரல. குஃபு பிரமிடுல ராஜா அறைக்கு மேல கூரை தட்டையா கிரானைட் பலகை, ஒவ்வொண்ணும் பத்துக்கணக்கான டன், அதுக்கும் மேல அஞ்சு அடுக்கு காலி அறை விட்டு கடைசில ஒண்ண மட்டும் கை கூப்பு வடிவத்துல கட்டியிருக்காங்க. அப்படியும் அந்த கிரானைட் பலகைகள்ல விரிசல் இருக்கு. அந்த காலி அறைகளுக்குள்ள யாரும் பாக்க மாட்டாங்கன்னு இருந்த இடத்துலதான் குஃபுவோட நண்பர்கள்னு தங்களுக்கு பேரு வெச்சிக்கிட்ட ஒரு வேலை கோஷ்டி சிவப்பு மையில கிறுக்கி வெச்சிருக்கு. குஃபு பிரமிடு உள்ள இன்னும் முடியல, 2017-ல மியூவான்னு வானத்துல இருந்து வர்ற துகள்கள வெச்சு எக்ஸ்ரே மாதிரி பாத்ததுல பெரிய கேலரின்னு சொல்ற உயரமான நடைக்கு மேல 30 மீட்டருக்கு குறையாத ஒரு வெற்றிடம் தெரிஞ்சுது, அது எதுக்குன்னு இன்னும் விடை இல்ல.

உனாஸோட சவ அறை கூரை முழுக்க நீலத்துல நட்சத்திரம், அஞ்சு முனை வெச்சு, வரிசை வரிசையா. சவப்பெட்டிய சுத்தி இருக்கற சுவரு மட்டும் வெள்ளை அலபாஸ்டர், அதுல அரண்மனை முகப்பு மாதிரி கலர்ல கோலம். மிச்ச சுவரு எல்லாம் எழுத்து. மேல இருந்து கீழ பத்தி பத்தியா கோடு போட்டு, ஆழமா செதுக்கி, உள்ள நீலச்சாயம். ஒரு சின்ன ஆந்தை, அதுக்கு கீழ ஒரு கை, ஒரு அலை, பக்கத்துல முட்டை மாதிரி வட்டத்துக்குள்ள முயல் படத்தோட ஆரம்பிக்கற உனாஸ் பேரு, திரும்பவும் உனாஸ், திரும்பவும் உனாஸ். எழுத்து தெரியாதவங்ககூட ரெண்டு நிமிஷத்துல அந்த பேர கண்டுபிடிச்சிடலாம், அத்தனை தடவை வருது.

இத பிரமிடு உரைகள்னு சொல்றாங்க. பிரமிடுக்குள்ள எழுதுன முதல் ராஜா உனாஸ்தான், 280 சொச்சம் மந்திரம். பிரெஞ்சுக்காரர் மாஸ்பெரோ 1881-ல இந்த பிரமிடுக்குள்ள போனாரு. அதுக்கு கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் பிரமிடுகள்ல எழுத்தே இருக்காதுன்னுதான் பெரிய அறிஞர்களே நினைச்சிருந்தாங்க. மம்மியில மிச்சம் கிடைச்சது ஒரு கையும் மண்டையோட்டுத் துண்டும் இன்னும் கொஞ்சமும்தான்.

எந்த சுவத்துல எது எழுதியிருக்குங்கறதுலதான் சூட்சுமம். சவ அறை வடக்கு சுவத்துல படையல் பட்டியல், வெளிய கோயில்ல பூசாரி வெக்கற ரொட்டி, பீர், எண்ணெய், துணி எல்லாம் ஒவ்வொண்ணா சொல்லி குடுக்கற மந்திரம். யோசிச்சு பாருங்க, ஒரு நாள் பூசாரி வராம போனாலும், கோயிலே இடிஞ்சு போனாலும், கல்லுல இருக்கற எழுத்து ராஜாவுக்கு சாப்பாடு போட்டுக்கிட்டே இருக்கும். தெற்கு சுவத்துல எழுப்பற மந்திரம், அதோட முதல் வரி கிட்டத்தட்ட இப்படி வரும்: ஓ உனாஸ், நீ செத்துப் போகல, உயிரோடதான் கிளம்பிப் போயிருக்க. மேற்கு பக்கம் மேல பாம்பு விரட்டற மந்திரம், பாழ் நிலத்துல குழி தோண்டி வெச்சா பாம்பு வரும்ங்கற சாதாரண பயம்தான் அது. முன் அறையில கிழக்கு பக்கம் உச்சியில ராஜா தெய்வங்களையே வேகவெச்சு சாப்பிட்டு அவங்க சக்திய எடுத்துக்கறதா ஒரு முரட்டு பாட்டு. உனாஸுக்கு பின்னாடி வந்தவங்களோட பிரமிடுகள்ல பாம்பு, சிங்கம் மாதிரி எழுத்துகள பாதியா வெட்டி செதுக்கியிருக்காங்க, உயிர் வந்து ராஜாவ கடிச்சிடக் கூடாதுன்னு. எழுதுனது நடக்கும்னு அவ்வளவு நம்பிக்கை.

இன்னொண்ணும் சொல்றாங்க, சவ அறைதான் பாதாளம், முன் அறை தொடுவானம், வடக்க போற நடை வானத்துக்கு ஏறற வழி, மந்திரங்களும் அந்த வரிசையிலதான் ராஜாவ மேற்குல இருந்து எழுப்பி வெளிய கூட்டிட்டு போகுதுன்னு சில அறிஞர்களோட கருத்து. எனக்கு இது ரொம்ப சரியா படுது. நாம ஆத்துல இருந்து மேற்க பாத்து, வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு, பெரிய முற்றத்துல இருந்து சின்ன அறைக்குன்னு வந்துக்கிட்டே இருந்தோம்ல, ராஜா அதே கட்டிடத்துல எதிர்ப்பக்கமா நடக்கறாரு. இருட்டுல இருந்து எழுந்து கிழக்க வந்து வடக்க திரும்பி நட்சத்திரத்துக்கு. நடுவுல பொய் வாசல்ல ரெண்டு பேரும் சந்திக்கறாங்க.

ஜோசர் பிரமிடுல இதே எண்ணம் இன்னும் நேரா தெரியும். வடக்கு பக்கம் செர்தாப்னு ஒரு சின்ன கல்லு பெட்டி மாதிரி அறை, லேசா பின்னாடி சாய்ஞ்சு நிக்கும். முன்பக்க கல்லுல ரெண்டு வட்ட ஓட்டை, கண்ணு உயரத்துல. அதுல கண்ண வெச்சு பாத்தா உள்ள ஜோசரோட சிலை உக்காந்து நம்மளையே பாக்குது. அசல் சிலைய கெய்ரோ மியூசியத்துக்கு எடுத்துட்டு போயிட்டாங்க, இங்க இருக்கறது நகல். ஓட்டை நாம பாக்கறதுக்காக போட்டதே இல்ல, அவரு வடக்கு வானத்த பாக்கறதுக்கும் படைக்கற வாசனை அவருக்கு போறதுக்கும்.

உனாஸ் செத்து 1100 வருஷம் கிட்ட ஆனப்புறம், ரெண்டாம் ராம்செஸோட மகன் காயெம்வாசெட்னு ஒரு இளவரசர் சக்காராவுக்கு வந்தாரு. மெம்ஃபிஸ்ல தலைமை பூசாரி, பழைய கட்டிடங்கள் மேல அவருக்கு அவ்வளவு அக்கறை, இடிஞ்சு கிடந்த பல ராஜாக்களோட இடங்கள சரி பண்ண சொன்னாரு. உனாஸ் பிரமிடுல வெளிய எங்கயும் உனாஸ் பேரு இல்ல. உள்ள நூத்துக்கணக்கான தடவை எழுதியிருக்கறது அடைச்ச கல்லுக்கு பின்னாடி இருட்டுல இருந்துச்சு. அவரு தெற்கு முகத்துல, வெயில் நல்லா படற பக்கத்துல, பெரிய பெரிய எழுத்தா வெட்ட சொன்னாரு, இந்த பிரமிடுல உனாஸ் பேரு காணாம இருந்துச்சு, அத நான் திரும்ப வெச்சேன்னு. அந்த கல்லுகளும் பின்னாடி கீழ விழுந்து சிதறிடுச்சு, தொல்லியல்காரங்க மண்ணுக்குள்ள இருந்து ஒவ்வொண்ணா பொறுக்கி சேத்து அதே தெற்கு பக்கத்துல திரும்ப ஏத்தி வெச்சிருக்காங்க. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா அந்த முயல் வெச்ச பேரு தெரியும்.